புதுப்பிப்பு: கூப்பிட்டால் வராத 9 மாத நாய்

குட்டியாக இருந்தபோது ஒரே குரலுக்கு ஓடிவந்தவன், 9 மாதம் ஆனதும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது நீளக் கயிறு யோசனைதான். 10 மீட்டர் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் ஹார்னஸில் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) மாட்டினோம். பாய்ந்து ஓடும்போது கழுத்து வெட்டி இழுபடாது. (கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளங்கை உரிந்துவிடும்.) காதில் வாங்காமல் பழகிப்போன பழைய கட்டளைக்குப் பதில் விசில். முதலில் வீட்டுக்குள், அப்புறம் ஆளில்லாத மைதானம், கடைசியாகத்தான் மற்ற நாய்கள் இருக்கும் இடம். விசிலுக்கு வந்தால் மட்டும் இறைச்சித் துண்டு, வேறு எதற்கும் கிடையாது.

“வந்ததும் வீட்டுக்கு இழுத்துப் போகாதீர்கள், தின்னக் கொடுத்து மறுபடி விளையாட விடுங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். என்னைக் கேட்டால் பாதி வேலையைச் செய்தது அதுதான். வந்தால் விளையாட்டு முடிந்துபோகாது என்று புரிந்த பிறகு வேகமே வேறு.

நடையின் நேரத்தைக் கூட்டியது எங்களுக்குச் சரிப்படவில்லை. இன்னும் துள்ளினான். மோப்பம் பிடித்தபடி மெதுவாக நடக்க விட்டதும், பகலில் தூங்க வைத்ததும்தான் அடக்கியது.

எதிர்பாராத ஒன்று: நடுவில் திடீரென்று குப்பைத்தொட்டியைக் கண்டு பயம். வளரும் பருவத்தில் சில நாய்களுக்கு இப்படி வரும். கிட்டே இழுக்காமல் தூரத்தில் நின்று பார்க்க விட்டோம், பயம் தானாகப் போய்விட்டது.

பூனையைத் துரத்தும்போது மட்டும் விசில் இன்னும் எடுபடவில்லை, அதனால் கயிறு தொடர்கிறது.