அந்த டின்னில் கோப்பித்தூள் மட்டும் இல்லை

ஈஷூன்வாசி:

மார்ச் பள்ளி விடுமுறையில் மகளுக்கு ஒரு புரொஜெக்ட். போர்க்காலத்துப் பெண் ஒற்றர்களைப் பற்றி எழுத வேண்டுமாம். அவள் நூர் இனாயத் கானை எடுத்துக்கொண்டாள். திப்பு சுல்தான் வழிவந்தவர், 1943 ஜூனில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சில் பிரிட்டன் ரகசியமாக இறக்கிய வயர்லெஸ்காரர், 1944 செப்டம்பரில் ஜெர்மன்காரர்களின் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டவர். அவரிடம் இருந்த வயர்லெஸ் பெட்டியே ஏறக்குறைய 15 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு பாரிசில் வீடு மாற்றி வீடு மாற்றித் திரிந்தார். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "நம்ம ஊர்ல இப்படி யாரும் இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறாவது மாடிப் பாட்டியிடம் கூட்டிப்போனேன். பாட்டிக்கு 93 வயது. அவருடைய அப்பா செம்பவாங் நேவல் பேஸில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம் என்றால் பாட்டி வழக்கமாக மரவள்ளிக்கிழங்கையும், வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டையும்தான் பேசுவார். அன்றும் அங்கேதான் ஆரம்பித்தார். ஒற்றர் என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அதெல்லாம் சினிமாவுல பாப்பா. நாங்க டின்னு தூக்குனதோட சரி."

என்ன டின் என்று மகள் விடவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு சீன அம்மா இருந்தாராம். இரண்டு வீட்டுக்கும் மலாயில்தான் பேச்சு. வாரம் ஒரு தடவை ஒரு மைலோ டின்னைக் கையில் கொடுத்து, ஒரு மைல் தள்ளியிருந்த கடையில் கொடுத்துவிட்டு வரச் சொல்வார். கேட்டால் கோப்பித்தூள் என்பார். கூலி ஒரு கோழி முட்டை. முட்டைக்காகவே ஓடினேன் என்றார் பாட்டி. வழியில் ஜப்பான் சிப்பாய் நின்றால் தலைகுனிந்து வணக்கம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை விழும். டின்னைக் கீழே வைத்துக் குனிவாராம். "கோப்பித்தூளு என்ன கனம் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வீட்டுல இடிச்சதே நாந்தான். அது அந்தக் கனம் இல்ல. ஆனா தொறந்து பாக்கல." ஏன் என்று கேட்டாள் மகள். "முட்டை போயிரும்ல?"

ஒரு வாரம் அந்த அம்மா வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்ததாம். உள்ளே யாரும் இல்லை.

அதே காலத்தில் சிங்கப்பூரில் இருந்த எலிசபெத் சோய் கதையும் ஏறத்தாழ இப்படித்தானே? கணவரோடு மருத்துவமனையில் கேன்டீன் நடத்தியவர். சாங்கி சிறையில் அடைபட்டிருந்தவர்களுக்குப் பணம், மருந்து, கடிதம், வானொலி உதிரிபாகம் எல்லாம் ரகசியமாகப் போய்ச்சேர உதவினார். 1943 செப்டம்பர் 26 இரவு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சிறு படை கெப்பல் துறைமுகப் பக்கம் 7 கப்பல்களில் வெடிவைத்துவிட்டுப் போனது. சிறைக்குள்ளிருந்துதான் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பெய்தாய் முடிவுகட்டி, அக்டோபர் 10 அன்று சாங்கிக்குள் புகுந்தது. சிறையில் இருந்தவர்களுக்கும் அந்த வெடிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பிடிபட்ட 57 பேரில் 15 பேர் செத்துப்போனார்கள். எலிசபெத்தின் கணவரையும் கொண்டுபோய்விட்டார்கள். அவருக்குப் போர்வை கொடுக்க ஸ்டாம்ஃபர்ட் சாலை ஒய்எம்சிஏவுக்குப் போனார் எலிசபெத். அப்படி ஓர் ஆளே இங்கில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவரையும் பிடித்து, ஏறக்குறைய 200 நாள் வைத்திருந்தார்கள். மின்சார அதிர்ச்சிகூடக் கொடுத்தார்கள். செய்ததோ உதவி, வந்த பட்டமோ ஒற்றர்.

உங்கள் வீடுகளில் இப்படி ஏதாவது கதை இருந்தால் சொல்லுங்கள்.

தோ பாயோ மருமகள்:

எங்கள் அத்தைப்பாட்டி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். முகாம் வாட்டர்லூ தெருவில், 1943 அக்டோபர் 22 அன்று திறந்தது. சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவராக இருந்த கேப்டன் லட்சுமிதான் தலைமை. ஒற்று வேலை பார்த்தீர்களா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கோபம் வந்துவிட்டது! "துப்பாக்கி தூக்குனவள ஒளிஞ்சு பாத்தவங்குறியா?" அவருக்கு அது அவமானமான சொல். 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அவருடைய தொப்பியை அவர் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாராம். அந்தத் தொப்பிக்காகக் கடைசிவரை அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நேதாஜிக்கு ஒற்று வேலை செய்ததாக ரங்கூனில் பிறந்த சரஸ்வதி ராஜாமணி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆண்பிள்ளை வேஷம் போட்டு வெள்ளை அதிகாரிகள் வீட்டில் வேலைக்குப் போனாராம். 2018இல் சென்னையில் காலமானார். அவர் வாயால் சொன்ன கதை என்ற அளவில் வைத்துக்கொள்வோம்.

ஈப்போவில் பிறந்தவன்:

சிபில் கார்த்திகேசுவை விட்டுவிட்டீர்களே! கணவர் நம்ம ஆள், தமிழ் டாக்டர். சிபில், மலாயாவின் பேராக்கில் பாப்பான் என்ற ஊரில் 74ஆம் எண் கடைவீட்டில் இருந்துகொண்டு, ஜப்பானை எதிர்த்துக் காட்டிலிருந்த கொரில்லாக்களுக்கு வைத்தியம் பார்த்தார், திருட்டுத்தனமாக வானொலியும் வைத்திருந்தார். 1943இல் பிடித்தார்கள். வாயைத் திறக்க வைக்க அவருடைய சின்ன மகளை நெருப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். அப்போதும் சொல்லவில்லை. ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது, ஆனால் பட்ட காயம் ஆறாமல் 1948இல் ஸ்காட்லாந்தில் இறந்தார். அந்தத் தெரு இப்போது பாதிக்குமேல் இடிந்து கிடக்கிறது. நான் போயிருந்தபோது எதிரில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

அப்புறம், ஈஷூன்வாசி, கோபித்துக்கொள்ள வேண்டாம். 80 வருஷத்துக்கு முன்னால் தூக்கிய கனம் கைக்கு எப்படி நினைவிருக்கும்? டின்னில் வெறும் அரிசியாகக்கூட இருந்திருக்கலாம். அப்போது அரிசியே கடத்தல் சரக்கு.

ஈஷூன்வாசி:

நியாயமான கேள்விதான். மகளிடம் காட்டினேன், அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேற்றுத் தேக்கா சந்தையில் கோப்பித்தூள் வாங்கி, பழைய மைலோ டின் ஒன்றில் நிரப்பிப் பாட்டி கையில் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பார்த்தவர், "இல்ல" என்றார். தூளைக் கொட்டிவிட்டு அரிசி போட்டாள். "இதுவும் இல்ல. அரிசின்னா குலுக்குனா தெரியும்." மறுபடி தூளைப் போட்டு, நடுவில் டார்ச் லைட் பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போனாள். மூன்று வரைக்கும் தலையாட்டவில்லை. நான்காவது போட்டதும் டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஹாலில் நாலு எட்டு நடந்தார்.

"இதான்."

சமையல் தராசில் வைத்து மகள் எடையைக் குறித்துக்கொண்டாள். பாட்டி அதற்குள் தூளைத் தனியாகப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். "பேட்டரிய எடுத்துக்க. தூளு இங்க இருக்கட்டும், கோப்பி போடுறேன்."