கடலில்லாத ஊரிலிருந்து சென்னைக்கு: நல்ல மீனையும் நல்ல சமையலையும் தேடியவர்களின் அனுபவப் பகிர்வு

காவேரிப்பட்டணத்திலிருந்து:

மாங்கூழ் ஏற்றுமதி வேலையாகச் சென்னைத் துறைமுகப் பகுதிக்கு அடிக்கடி சென்று வருபவன் என்பதால், அந்த நகரத்தில் நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று நம் பக்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். அவர்கள் எதிர்பார்ப்பது ஓர் உணவகத்தின் பெயரை. நானோ, அன்று காலையில் எந்த மீன் கரைக்கு வந்தது என்பதை முதலில் விசாரியுங்கள், எந்த உணவகம் என்பதைப் பிறகு முடிவு செய்யுங்கள் என்றே சொல்லி வருகிறேன். அதற்குக் காரணமான அனுபவங்களை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவங்களைச் சேர்த்தால் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தாருக்குப் பயனாக இருக்கும்.

மீனைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் வறுத்துத் தரும் ஜிலேபி மீனையும், பாரூர் ஏரிக் கட்லாவையும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். தண்ணீரிலிருந்து எடுத்த சில மணி நேரத்துக்குள் சட்டிக்குப் போன மீனின் ருசி நம் நாக்குக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடல் மீன் நம் ஊருக்கு ஐஸ் பெட்டியில், இரவெல்லாம் லாரியில் பயணம் செய்து வருகிறது. ஆகவே கடல் மீனின் உண்மையான சுவையை அறிய வேண்டுமானால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்று எண்ணி, இரவு ரயிலில் சென்று விடியும் முன் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்வதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டேன்.

காசிமேட்டில் அந்த நேரத்தில் ஏலம் மும்முரமாக நடக்கும். வஞ்சிரம், பாறை, சீலா போன்ற பெரிய மீன்களை வியாபாரிகளும் உணவகங்களுக்கு வாங்குபவர்களும் எடுத்துச் சென்ற பிறகுதான், நம்மைப் போன்றவர்கள் கூறு கட்டி வைத்திருக்கும் சங்கராவையும் நெத்திலியையும் நிதானமாகப் பார்க்க முடியும். அங்கே மீன் விற்கும் வயதான அம்மா ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு செய்தி, அதன் பிறகு நான் மீன் தேடும் முறையையே மாற்றிவிட்டது. பெரிய விசைப்படகுகள் பல நாட்கள் கடலில் தங்கி மீன் பிடிப்பவை. அவற்றின் கிடங்கில் ஐஸுக்கு நடுவே இருக்கும் மீன், அன்று காலை கரையில் இறங்கினாலும், பிடிபட்டது சில நாட்களுக்கு முன்பாக இருக்கலாம். மாறாக, ஃபைபர் படகுகளில் செல்பவர்கள் பெரும்பாலும் இரவோ அதிகாலையோ புறப்பட்டுக் காலையிலேயே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கொண்டு வரும் மீன் அளவில் சிறியதாகவும் வகையில் கலப்பாகவும் இருக்கும், ஆனால் அது அன்றைய மீன். துறைமுகத்தில் வாங்கினாலே புதிய மீன்தான் என்று எண்ணும் நம்மவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஸில் ஒழுங்காக வைத்த விசைப்படகு மீன் கெட்ட மீன் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குழம்புக்கு அது நன்றாகவே இருக்கும். வெறும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வறுக்கும்போதுதான் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

அதனால் இப்போதெல்லாம் ஃபைபர் படகுகள் கரையேறும் பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பகுதிக்கே முதலில் செல்கிறேன். லூப் சாலையின் ஓரத்தில் வெயிலில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்களுக்காக 2024-இல் அங்கே ஒரு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. காலையில் அங்கே ஒரு சுற்று வந்தால் அன்றைய கடல் என்ன கொடுத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். கிழங்கான் குவிந்திருந்தால் மதியம் கிழங்கான் வறுவல், நண்டு உயிரோடு கால் அசைத்துக்கொண்டிருந்தால் நண்டு மசாலா என்று அங்கேயே தீர்மானித்துக்கொள்வேன். தங்கும் விடுதியில் சமைக்க முடியாது என்பதால் நான் மீனை வாங்குவதில்லை. என்ன சாப்பிடலாம் என்ற தகவலை மட்டுமே எடுத்துக்கொண்டு உணவகம் தேடிப் புறப்படுகிறேன்.

சேப்பாக்கத்துச் சந்து ஒன்றில் 1961 முதல் நடந்துவரும் நாயர் மெஸ்ஸை இந்த வகையில் முதலாவதாகச் சொல்வேன். மதிய வேளையில் வெளியே காத்திருக்கத்தான் வேண்டும். உள்ளே இடமும் தாராளமாக இருக்காது. ஆனால் பரிமாறுபவரிடம் இன்று எந்த மீன் நன்றாக இருக்கிறது என்று கேட்டால், விலை கூடிய துண்டை நம் தலையில் கட்டாமல் நேர்மையாகப் பதில் சொன்னார்கள். அங்கே சாப்பிட்ட வஞ்சிர வறுவலின் மேற்புறம் மொறுமொறுப்பாகவும், உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்து வரும் ஈரத்தோடும் இருந்தது. மசாலா மீனை மூடி மறைக்கவில்லை. சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, அந்த வறுவலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டபோது, ராகிக் களியும் அணை மீன் குழம்புமாக வளர்ந்த எனக்கு நிறைவாக இருந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. குளிரூட்டப்பட்ட பெரிய உணவகம் ஒன்றில், பெயர் வேண்டாம், பட்டியலில் பத்துப் பதினைந்து வகை மீன் இருந்தது. அன்றோ புயல் எச்சரிக்கையால் நாலைந்து நாட்களாகப் படகுகளே கடலுக்குப் போகாத நேரம். வவ்வால் மீன் இன்று வந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்று உறுதியாகச் சொன்னார்கள். வந்த மீன் வாயில் மாவாகக் கரைந்தது. நீண்ட காலம் உறைநிலையில் இருந்து பிறகு இளகிய மீனுக்கு அந்தத் தன்மை வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் இப்படிச் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. உறைய வைத்த மீன் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் குழம்பாகக் கேட்டு வாங்கியிருப்பேன். பட்டியல் ஆண்டு முழுவதும் மாறாமல் இருக்கும் கடையில் மீன் கேட்பதை அன்றிலிருந்து தவிர்த்து வருகிறேன்.

மெரினா மணலில் மீன் வறுக்கும் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவக்கச் சிவக்க மசாலா பூசி அடுக்கி வைத்திருக்கும் மீனைப் பார்த்து அதன் நிலையை யாராலும் அறிய முடியாது. மசாலா தடவாத மீன் இருந்தால் காட்டுங்கள் என்று கேட்பேன். நல்ல கடைக்காரர் தயங்காமல் பெட்டியைத் திறந்து காட்டுவார். அப்படிக் காட்டிய ஓர் அக்காவிடம் வாங்கிய நெத்திலியைப் போல ருசியான நெத்திலியை நான் எந்தப் பெரிய கடையிலும் சாப்பிட்டதில்லை.

கடைசியாக, சுறாப்புட்டு. இதை நம் ஊர் உணவகங்களில் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்க்கவும் கூடாது. சுறாவின் தசையில் இயல்பாகவே யூரியா உண்டு. மீன் பழசாகும்போது அது அம்மோனியாவாக மாறுவதால்தான் மூக்கைத் துளைக்கும் வாடை வருகிறது. புதிய பால் சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கிளறினால் அந்த வாடை கொஞ்சமும் இருக்காது. இராயபுரத்தில் வீட்டோடு சேர்ந்த சிறிய கடை ஒன்றில் சாப்பிட்ட புட்டு அப்படித்தான் இருந்தது. காலையில் சுறா கிடைத்தால்தான் செய்வோம், இல்லையென்றால் இல்லை என்று அவர்கள் சொன்ன அந்தப் பதிலுக்காகவே அந்தக் கடையை நான் மதிக்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து:

அண்ணா, நீங்கள் எழுதியதை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். ஒகேனக்கல்லுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள். அங்கே மீனை நாமே பார்த்து வாங்கிக் கொடுத்தால், சமைக்கும் அக்காமார்கள் நம் கண் முன்னே சுத்தம் செய்து, மசாலா அரைத்து, குழம்பாகவும் வறுவலாகவும் செய்து தருவார்கள். அந்த வழக்கத்துக்குப் பழகிய எங்களுக்கு, மூடிய சமையலறையிலிருந்து வரும் மீனை நம்புவது எப்போதும் கடினமாகவே இருந்திருக்கிறது.

மகள் சென்னையில் குடியிருப்பதால் நான் உணவகத்தைவிடச் சந்தைக்கே அதிகம் சென்றிருக்கிறேன். சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையில் எனக்குக் கிடைத்த அனுபவம் பெரும்பாலும் நல்லதே. செவுளைத் தூக்கிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள் என்பது என் வேண்டுகோள். கண் தெளிவாக, வெளியே புடைத்தாற்போல் இருக்க வேண்டும். விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழ வேண்டும். இறாலுக்குத் தலை உடம்போடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். நண்டைக் கையில் தூக்கினால் அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். கனமில்லாத நண்டில் சதை இருக்காது. 2018-இல் கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீன்கள் பிடிபட்டு, அதைத் தொடர்ந்து சென்னையிலும் சோதனைகள் நடந்த நேரத்தில், சில மாதங்கள் நான் மீன் வாங்கவே அஞ்சினேன். வாடையே இல்லாத மீனையும் சந்தேகிக்க வேண்டும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். நல்ல கடல் மீனுக்குக் கடலின் மெல்லிய மணம் இருக்கத்தான் செய்யும்.

ஊருக்கு மீன் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. மொரப்பூரில் இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் ஆகிவிடுகிறது. தெர்மாகோல் பெட்டியில் மீனுக்குக் கீழும் மேலும் நொறுக்கிய ஐஸ் இருக்க வேண்டும். உருகும் தண்ணீரில் மீன் ஊறாதபடி பையில் கட்டி வைக்க வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி இரண்டையும் நான் கொண்டு வருவதே இல்லை. குளிர் குறைந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் விரைவில் உண்டாகிறது. கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து எங்கள் உறவினர் பையன் பட்ட பாட்டை நேரில் பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த இரண்டு மீனையும் மகள் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவதே நல்லது.

அண்ணா, பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு மே மாதம் செல்ல நினைக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்களே, அப்போது போவதில் பயன் உண்டா?

ஓசூரிலிருந்து:

அக்கா கேட்ட கேள்விக்குப் பொருத்தமாக என் அனுபவம் இருப்பதால் நானே முந்திக்கொள்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மேற்குக் கடற்கரையிலோ கர்நாடகத்தின் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே மே மாதத்தில் மங்களூருப் பக்கம் படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அந்த மீன் இரவோடு இரவாகப் பெங்களூருவுக்கு வந்துவிடுகிறது. எங்களுக்கோ பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான்.

சிவாஜிநகரில் 1927-இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டின் மீன் பகுதியில் காலையில் நடந்து பார்த்துவிட்டு, மதியம் மங்களூருச் சமையல் உள்ள உணவகத்துக்குச் செல்வது எங்கள் வீட்டு வழக்கம். நாம் கிழங்கான் என்று சொல்லும் மீனை அவர்கள் காணே என்கிறார்கள். ரவையில் புரட்டி வறுத்த காணேயை நீர் தோசையோடும் தேங்காய் அரைத்த கஸ்ஸிக் குழம்போடும் சாப்பிட்டுப் பார்த்தால், சென்னைச் சமையலுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல என்பது தெரியும். அவர்களுடைய கானாங்கெளுத்திப் புளிமுஞ்சிக் குழம்பில் புளிப்பும் காரமும் சரிசமமாக நிற்கின்றன. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெங்களூருவில் கிடைப்பது மலை ஏறி வந்த மீன். நொச்சிக்குப்பத்தில் படகிலிருந்து இறங்கியதை அங்கே எதிர்பார்க்க முடியாது. மீனைவிடச் சமையலுக்காகப் பெங்களூரு, சமையலைவிட மீனுக்காகச் சென்னை என்பது என் கருத்து.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

தம்பி சொன்ன கணக்கு மிகவும் சரி. தங்கையின் கேள்விக்கு நான் சேர்ப்பது இதுதான். தடைக்காலத்தில் சென்னையில் வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அந்த விலைக்கும் வருவது பெரும்பாலும் மேற்குக் கடற்கரை மீனோ உறைய வைத்த மீனோதான். ஆனால் ஃபைபர் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் அந்தத் தடை இல்லை. ஆகவே மே மாதத்தில் பேரப்பிள்ளைகளோடு போனால் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் மறந்துவிட்டு, காலை ஏழு மணிக்குள் நொச்சிக்குப்பம் சென்று, சங்கரா, கிழங்கான், நெத்திலி, நண்டு என்று எது இருக்கிறதோ அதை வாங்கி மகள் வீட்டில் சமையுங்கள். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அங்கேயும் கரையில் இறங்கும் மீனை வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் அன்று கூட்டத்தில் மீனைத் தொட்டுப் பார்க்கவே இடம் கிடைக்காது, விலையும் இறங்காது. விசைப்படகு மீன்தான் வேண்டும் என்றால் பயணத்தை ஜூன் கடைசி வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். 14-ஆம் தேதி நள்ளிரவு புறப்படும் படகுகள் அதற்குள் ஒரு முறையாவது நிறைந்து திரும்பியிருக்கும். பள்ளி திறந்துவிடும் என்பதால் பிள்ளைகளை அழைத்துப் போவது சிரமம் என்றால், ஓசூர்த் தம்பி சொன்னபடி மே மாதத்தில் பெங்களூருவுக்குப் போய்க் காணே வறுவல் வாங்கிக் கொடுங்கள். அதில் முள் குறைவு, பிள்ளைகள் தாங்களாகவே பிரித்துச் சாப்பிடுவார்கள்.