சிறுநீர்ப்பைக் கல்லை வெட்டாமல் எடுத்த அனுபவம்

ஆறு மாதமாகச் சிறுநீர் பாதியில் நின்றுவிடும், யாரோ குழாயைத் திருகி மூடியது போல. கொஞ்சம் சாய்ந்து நின்றால் மறுபடி வரும். 60 வயதைத் தாண்டினால் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். கடைசிச் சொட்டில் ரத்தம் கண்ட பிறகுதான் ஸ்கேனுக்குப் போனேன். 2.5 சென்டிமீட்டர் கல். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். திரையில் அதுவும் என்னோடு உருண்டது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். சிறுநீர் வரும் பாதையிலேயே கேமராக் குழாயை விட்டு, லேசரால் உடைத்து, தண்ணீர் அடித்துத் துண்டுகளை வெளியே எடுத்தார்கள். வெட்டு, தையல் எதுவும் இல்லை. இதே பாதையில் கருவி விட்டு 1824லேயே பாரிஸில் சிவியால் என்ற மருத்துவர் கல்லை உடைத்திருக்கிறார். மயக்க மருந்து வராத காலம் அது! நினைத்தாலே எனக்குக் கால் கூசுகிறது.

சிறுநீர் வடிய உள்ளே விட்டு வைத்திருந்த குழாய், அந்தக் கதீட்டர்தான் படுத்தியது. சிறுநீர்ப்பை காலியாக இருந்தாலும் முட்டிக்கொண்டு வருவது போலவே இருக்கும். அதை எடுத்த பின் முதல் தடவை போனபோது மிளகாய் எரிச்சல்.

ஆனால் நான் செய்த தப்பு வேறு. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்கியதால்தான் கல்லே வந்தது. இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்றார் டாக்டர். வந்தது கல்லுக்கு, அதை ஏன் தொடணும் என்று மறுத்துவிட்டேன். ஒன்றரை வருடத்தில் அடுத்த கல். அப்புறம்தான் புராஸ்டேட்டுக்கும் சரி என்றேன்.

* * *

உங்கள் அனுபவத்தைப் படித்தேன். எனக்கும் கல் வந்தது. ஆனால் உங்களுக்காவது சிறுநீர் வரும் அந்தப் பாதை இருந்தது. புற்றுநோயால் என் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, குடலில் ஒரு பை செய்து வைத்திருக்கிறார்கள். தொப்புள் பக்கத்துத் துளையில் குழாய் விட்டுத்தான் சிறுநீரை எடுக்கிறேன். குடல் தன் பழக்கத்தை விடாமல் சளி சுரக்கிறது. கல் சேர அதுவும் ஒரு காரணமாம். அந்தத் துளைக்குள் பெரிய கருவி போனால் கசிவைத் தடுக்கும் அமைப்பு கெடலாம் என்பதால், வயிற்றில் தனியாக ஒரு சின்னத் துளை போட்டு நேரே பைக்குள் இறங்கினார்கள். தழும்பு சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. அதற்குப் பிறகு பையை உப்புநீர் விட்டு அலசச் சொல்லியிருக்கிறார்கள். சளி நூல் நூலாக வரும். முதலில் அருவருப்பாக இருந்தது. இப்போது வராத நாளில்தான் கவலை.