சி-பாண்ட் ராடார்: இடிமழை மையத்துக்குப் பின்னால் இசட்-டிஆர் எதிர்மறையாவது ஏன்?

வெள்ளவத்தை_மாணவர்:
கொழும்பின் ஏப்ரல் மாதப் பின்னேர இடிமழை ஒன்றின் இரட்டை முனைவாக்கத் தரவை (கிடை அலை, நிலைக்குத்து அலை இரண்டாலும் எடுத்தது) சி-பாண்ட் ராடாரில் (அலைநீளம் ஏறத்தாழ 5 செமீ) பார்க்கிறேன். தூரம் 60 கிமீ, ஏற்றக்கோணம் 0.5 பாகை. மையத்தில் தெறிப்பு (திரும்பிவரும் அலையின் வலு) 52 டிபிஇசட், இசட்-டிஆர் (கிடை, நிலைக்குத்துத் தெறிப்புகளின் வித்தியாசம்) 4 டெசிபல், ரோ-எச்வி (இரு அலைகளின் ஒத்திசைவு, உச்சம் 1) 0.94. எதிரொலிகளை வகைபிரிக்கும் நிரல் அதை ஆலங்கட்டி என்று நீக்குகிறது. அதற்குப் பின்னால் இசட்-டிஆர் −1 வரை இறங்குகிறது, மழைவீதமும் மழைமானி காட்டுவதில் பாதிகூட வரவில்லை. எதைத் திருத்த வேண்டும்?

முகில்வாசி:
பின்பக்கம் நடப்பது அலை வலுவிழப்பு. தட்டையான பெருந்துளிகள் கிடை அலையைத்தான் கூடுதலாக விழுங்கும், அதனால் இசட்-டிஆரும் சரியும். சி-பாண்டில் ஃபை-டிபி (இரு அலைகளுக்கும் இடையே வழிநெடுகச் சேரும் கட்ட வித்தியாசம்) பாகை ஒன்றுக்குத் தெறிப்பில் ஏறத்தாழ 0.08 டெசிபல், இசட்-டிஆரில் 0.02 டெசிபல் இழப்பு. ஃபை-டிபி 60 பாகை ஏறியிருந்தால் 4.8, 1.2 டெசிபல் கூட்டுங்கள். அதற்கு முன் ராடாரின் தொடக்கக் கட்டத்தை (மழைக்கு முன்பே இருக்கும் ஃபை-டிபி பெறுமானத்தை) கழிக்காவிட்டால் முதல் கிலோமீற்றரிலிருந்தே திருத்தம் பொய்யாகிவிடும். கடல் எதிரொலிகளையும் முதலிலேயே விலக்குங்கள். இசட்-டிஆரின் நிலையான பிழை தனி விடயம்: மென்மழையில் அன்ரெனாவை 90 பாகைக்கு நிமிர்த்திச் சுழற்றினால் சராசரி பூச்சியம் வரவேண்டும்.

கிடை_நிலைக்குத்து:
0.94 என்பதற்காக ஆலங்கட்டி என்று முடிவெடுக்காதீர்கள். அந்தக் கற்றையின் நடு ராடாருக்கு மேல் 750 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. எங்கள் உறைநிலை மட்டமோ 5 கிமீ அளவில். சி-பாண்டில் 5–6 மிமீ துளிகள் அலையோடு ஒத்ததிர்ந்து இசட்-டிஆரை ஏற்றி ரோ-எச்வியை இறக்கும். எஸ்-பாண்டுக்கு (அலைநீளம் ஏறத்தாழ 10 செமீ) எழுதிய வாசல் பெறுமானங்களை அப்படியே எடுத்தால் இந்தப் பிழைதான் வரும். உருகும் சிறு ஆலங்கட்டியும் இதே போலத் தெரியும் என்பதால் மேல் ஏற்றக்கோணங்களையும் பாருங்கள்: 6 கிமீக்கு மேலே 50 டிபிஇசட்டும் பூச்சியத்தை ஒட்டிய இசட்-டிஆரும் இருந்தால் ஆலங்கட்டிக்கு இடமுண்டு. உறைநிலைக்கு மேலே 1 டெசிபலுக்கு மேற்பட்ட இசட்-டிஆர் தூண் நின்றால், மேலெழும் காற்று நீர்த்துளிகளைத் தூக்கிச் செல்கிறது. இடிமழை ஆய்வில் மிகப் பெறுமதியான அடையாளம் அது, நீக்கிவிடாதீர்கள்.

மழைமானி:
மழைவீதத்துக்கு மையத்தில் கேடிபி-யையே (ஃபை-டிபி கிலோமீற்றருக்கு ஏறும் சாய்வை) நம்புங்கள். வலுவிழப்பும் அளவுதிருத்தப் பிழையும் அதைத் தொடாது. 25 × கேடிபி^0.8 போட்டால், கிமீக்கு 2 பாகை என்பது மணிக்கு ஏறத்தாழ 44 மிமீ. மென்மழையில் கேடிபி வெறும் இரைச்சல், அங்கே திருத்திய தெறிப்புத்தான். பெருந்துளிப் பகுதியில் ஃபை-டிபி திடீரெனப் புடைத்து இறங்கினால் அது துளிகள் அலையைத் திருப்பி அனுப்பும்போதே உண்டாகும் பின்சிதறல் கட்ட வித்தியாசம். சாய்வை 3 கிமீ அளவுக்கு எடுத்தால் அடங்கும். மழைமானியோடு 15 நிமிடக் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். 1 பாகைக் கற்றை அந்தத் தூரத்தில் 1 கிமீ அகலம், துளி நிலத்துக்கு வரவும் ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும்.