9 டிபிஐ கம்பி மாட்டினால் மேல்மாடிக்கு சிக்னல் ஏறுமா?

கன்னங்குறிச்சி பெரியவர்:
நேற்று ரவுட்டர் பற்றிப் பேச்சு வந்தபோது அம்மாபேட்டை தறி இங்கே ஒரு முத்து உதிர்த்துவிட்டுப் போனார். "ரவுட்டரோடு வந்த குட்டி ஆன்டெனாக் கம்பிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு 9 டிபிஐ கம்பி இரண்டு மாட்டினேன், பவர் இரண்டு மடங்காகி இரண்டாம் மாடி வரை பிய்த்துக்கொண்டு போகிறது" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே "சூப்பர்ங்கண்ணா", "எங்கே வாங்குனீங்கண்ணா" என்று ஒரு வரிசை. ஒருத்தருக்காவது சந்தேகம் வர வேண்டுமே!

ஆன்டெனாவுக்குள் பவர் கிடையாது. அதற்கு கரண்ட் வயரும் போகவில்லை, பேட்டரியும் இல்லை. ரவுட்டர் கொடுக்கிற 100 மில்லிவாட்டை எந்தப் பக்கம் அதிகமாக அனுப்புவது என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கிறது. அப்படி ஒரு பக்கமாகக் குவிக்கிற அளவுக்குப் பெயர்தான் டிபிஐ. நிமிர்ந்து நிற்கிற குட்டிக் கம்பியைச் சுற்றி அலை பரவுவது உளுந்து வடை வடிவத்தில். நடு ஓட்டையில் கம்பி. 9 டிபிஐக்குப் போனால் அந்த வடையை உள்ளங்கையால் அமுக்கியாகிவிட்டது. பக்கவாட்டில் அகலும், உயரம் போய்விடும். 2 டிபிஐ கம்பியில் மேலும் கீழுமாக 80 பாகை அளவுக்கு விரிகிற அலை, 9இல் சுமார் 15 பாகைக்குள் சுருங்கிவிடும். அதை நிமிர்த்தி மாட்டினால் எதிர்வீட்டுக்காரர் படம் பார்க்கலாம். மேல்மாடிக்கு ஏறாது.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தக் கம்பியின் நீளம் என்ன?

அம்மாபேட்டை தறி:
ஐயா, நான் வடையைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தேன். மேலே பையன் படிக்கிற அறையில் முன்பு ஒரு கோடு. இப்போது நாலு கோடு. பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடும்போதுகூட அவன் ஆன்லைன் வகுப்பு நிற்காமல் ஓடுகிறது. ஓடுகிறதை ஓடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கன்னங்குறிச்சி பெரியவர்:
தறிச் சத்தத்துக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நாலு கோடு என்பது ஒரு அளவே இல்லை. போனுக்குப் போன் அந்தக் கோட்டின் கணக்கு மாறும். வைஃபை அனலைசர் செயலி ஒன்றை இறக்கி, டிபிஎம், அதாவது போனுக்கு வந்து சேர்கிற சிக்னலின் அளவு, எவ்வளவு என்று சொல்லுங்கள். மைனஸ் 67 இருந்தால் வீடியோ கால் தாராளமாக ஓடும். மைனஸ் 80 என்றால் இழுபறி. அப்புறம், கம்பி நீளத்தை இன்னும் சொல்லவில்லை.

இருபதாம் வளைவு:
கீழே இருக்கிறவர்களுக்கு சுவர் பிரச்சினை, மாடி பிரச்சினை. ஏற்காடு மலையில் எங்களுக்குப் பனிதான் எமன். நாகலூர் பக்கம் எஸ்டேட். பங்களாவிலிருந்து காபிப் பழம் உரிக்கிற பல்பர் ஹவுஸுக்கு வைஃபை இழுக்கலாம் என்று பெரிய ஆன்டெனா வாங்கினேன். வெயில் அடித்தால் வேலை செய்கிறது, மூடுபனி இறங்கினால் படுத்துவிடுகிறது. தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸை உறிஞ்சிக்கொள்ளும். மைக்ரோவேவ் ஓவன் அந்தக் கணக்கில்தானே சோற்றைச் சூடாக்குகிறது?

கன்னங்குறிச்சி பெரியவர்:
வந்துவிட்டார் அடுத்தவர்.

ஓவன் 2.45இல் ஓடுகிறது, சரி. அது தண்ணீருக்கென்று தேடிப் பிடித்த அலைவரிசை இல்லை; லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விட்ட பட்டைக்குள் வருகிறது, அவ்வளவுதான். தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸ் பக்கம். பனித்துளி ஒவ்வொன்றும் சில மைக்ரான். வைஃபை அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். துளி இருப்பதே அலைக்குத் தெரியாது.

உங்கள் பங்களாவுக்கும் பல்பர் ஹவுஸுக்கும் நடுவில் சில்வர் ஓக் எத்தனை வரிசை நிற்கிறது? அதில் மிளகுக் கொடி உச்சி வரை ஏறியிருக்குமே. பனி பெய்தால் அத்தனை இலையும் நனையும். நனைந்த இலைதான் உங்கள் எமன்.

இருபதாம் வளைவு:
கன்னங்குறிச்சியில் உட்கார்ந்து பார்த்தால் மலை தெரியும், பனி தெரியாது. டிசம்பரில் ஒரு ராத்திரி இங்கே தங்கிவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

குகை பையன்:
இரண்டு பேருமே தேவையில்லாததைப் பேசுகிறீர்கள். ரவுட்டரில் எத்தனை பெரிய கம்பி மாட்டினாலும் போனில் இருப்பது அதே குட்டி ஆன்டெனாதான். ரவுட்டர் அனுப்புவது போனுக்கு வரும், போன் அனுப்புவது ரவுட்டருக்குப் போகாது. ஆகவே ஆன்டெனா மாற்றுவதே வேஸ்ட். அறிவியல்.

கன்னங்குறிச்சி பெரியவர்:
தம்பி, பாதி அறிவியல். நீங்கள் சொல்வது பூஸ்டருக்குப் பொருந்தும். பூஸ்டர் ரவுட்டரின் பவரை ஏற்றும், போனின் பவர் அப்படியே கிடக்கும். ஆன்டெனா அப்படி இல்லை. எந்தத் திசைக்கு அதிகமாக அனுப்புகிறதோ, அதே திசையிலிருந்து அதே அளவுக்கு அதிகமாக வாங்கவும் செய்யும். போன் அனுப்புகிற நலிந்த அலையையும் அது பொறுக்கி எடுக்கும். இதில் வரவு ஒருபக்கம், செலவு மறுபக்கம் என்று எதுவும் கிடையாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தறிக்காரர் "பவர் இரண்டு மடங்கு" என்றாரே, அதைத் தூக்கிப் பிடிக்க யாராவது வருவதற்குள் கதவைச் சாத்தத்தான்.

குகை பையன்:
போனின் பவர் கூடாது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

கன்னங்குறிச்சி பெரியவர்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பப் படியுங்கள்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
ஒரு சட்டத் தகவல். வீட்டில் 9 டிபிஐ ஆன்டெனா வைப்பது குற்றம் என்று படித்திருக்கிறேன். ஜாக்கிரதை.

கன்னங்குறிச்சி பெரியவர்:
எங்கே படித்தீர்கள்? 2.4 பட்டைக்கு 2005இலேயே லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு அறிவித்தாகிவிட்டது. ஆன்டெனாவின் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 4 வாட் வரை அனுமதி. வீட்டு ரவுட்டரின் 100 மில்லிவாட்டோடு 9 டிபிஐ (குவிகிற திசையில் சுமார் எட்டு மடங்கு) சேர்ந்தால் ஏறக்குறைய 0.8 வாட். வாய்தா வாங்காமல் கேஸ் முடிந்தது.

சும்மா வந்தவன்:
ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரு லேன் வயர் இழுத்து, மேலே பழைய ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பாயிண்டாக, அதாவது அங்கேயே வைஃபை பரப்புகிற பெட்டியாக வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? ஆன்டெனா எதற்கு?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
பெரியவரே, எனக்கு ஒரு சந்தேகம். நானும் தறிக்காரர் சொன்னாரே என்று ஒரு பெரிய கம்பி வாங்கினேன். கொலுசுப் பட்டறையில் ரவுட்டர் இருக்கிறது, வீடு பின்னால். கம்பி மரை சரியாக ஏறியது, நன்றாக முறுக்கினேன். முன்பு இருந்ததைவிட மோசமாகிவிட்டது. பழைய கம்பியைத் திரும்ப மாட்டினால் சரியாகிறது.

கன்னங்குறிச்சி பெரியவர்:
அதைக் கழற்றி மரைக்குள் பாருங்கள். நடுவில் ஊசி இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா? வீட்டு ரவுட்டர்களில் கம்பி மாட்டுகிற இணைப்பு பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ என்கிற வகை. அதில் ஊசி ரவுட்டர் பக்கம் இருக்கும், கம்பி பக்கம் ஓட்டை. ரவுட்டர் பக்கம் ஓட்டையும் கம்பி பக்கம் ஊசியுமாக இருந்தால் அது சாதா எஸ்எம்ஏ. மரை ஒன்றுதான் என்பதால் ஒன்றின் மேல் இன்னொன்று ஏறிவிடும். உங்களிடம் இரண்டு பக்கமும் ஊசி இருந்தால் முறுக்கியபோதே ரவுட்டரின் ஊசி வளைந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஓட்டை என்றால் நடுவில் தொடுப்பே இல்லை. கம்பி சும்மா நிற்கிறது.

கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுக் கொடுக்க மாட்டார். தறிக்காரர் மாதிரி ஆட்கள் "வாங்கு வாங்கு" என்று எழுதும்போது இதையும் எழுத வேண்டும்.

அம்மாபேட்டை தறி:
நான் யாரையும் வாங்கச் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னேன். போன தடவை இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்திலும் பெரியவர் இப்படித்தான் என் மேல் பாய்ந்தார். அந்த பேட்டரி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே நாலு கோடும் இருக்கிறது.

கன்னங்குறிச்சி பெரியவர்:
பேட்டரியை இழுக்க வேண்டாம். அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொன்னவன் நான்.

கம்பி நீளத்தை ஏன் கேட்கிறேன் என்றால், 2.4இல் அரை அலை நீளம் 6 சென்டிமீட்டர் சொச்சம். 9 டிபிஐ உண்மையிலேயே வேண்டுமென்றால் அப்படிப்பட்ட துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். முழங்கை நீளம் வராமல் முடியாது. 38, 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் கம்பியின் மேல் 9 என்று அச்சடித்திருந்தால், அச்சுக்கு மட்டும்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். நீளம் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை தறி:
அட்டையில் 9 என்று போட்டிருக்கிறது.

கன்னங்குறிச்சி பெரியவர்:
அட்டையின் நீளத்தை நான் கேட்கவில்லை.

இருபதாம் வளைவு:
இவர்கள் சண்டைக்கு நடுவில் என் கேள்வி அடிபட்டுப் போகிறது. வீட்டில் டின் கிடக்கிறது, அதில் ஆன்டெனா செய்து பல்பர் ஹவுஸ் பக்கம் திருப்பி வைக்கலாமா? கேபிள் டிவி வயர் மிச்சம் இருக்கிறது, அதிலேயே இழுத்துவிடலாம்.

கன்னங்குறிச்சி பெரியவர்:
டின் செய்யலாம். உள்விட்டம் 8லிருந்து 9 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். 7.3க்குக் கீழே போனால் இந்த அலை டின்னுக்குள் ஓடவே ஓடாது. உள்ளே நிற்கிற செப்புக் கம்பி 3.1 சென்டிமீட்டர், அதாவது கால் அலை.

வயர் விஷயத்தில்தான் கவிழ்கிறீர்கள். கேபிள் டிவி வயர் 75 ஓம், ரவுட்டர் 50 ஓம், இரண்டும் பொருந்தாது. சரி, 50 ஓம் வயரே வாங்கினாலும், கடையில் கிடைக்கிற மெல்லிய ஆர்ஜி 58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும். பத்து மீட்டர் இழுத்தால் பத்து டெசிபெல் போய், பத்தில் ஒரு பங்குதான் டின்னுக்குப் போய்ச் சேரும். ரவுட்டரையே ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வைத்து வயரைச் சாணளவுக்குக் குறையுங்கள்.

இருபதாம் வளைவு:
ஜன்னல் ஓரம் வைத்தால் பனி உள்ளே வந்துவிடும்.

கன்னங்குறிச்சி பெரியவர்:
மறுபடியும் பனியா!

குகை பையன்:
பழைய பங்களாச் சுவர் கருங்கல், இரண்டு அடி தடிமன் இருக்குமே. அதை யாரும் பேசக் காணோம்.

இருபதாம் வளைவு:
எங்கள் பங்களாவைப் பற்றி குகையில் இருக்கிறவருக்கு என்ன கவலை?

சும்மா வந்தவன்:
லேன் வயர்?

அம்மாபேட்டை தறி:
பெரியவருக்காகப் போட்டோ எடுக்கப் போனேன். ரவுட்டர் இப்போது மாடிப்படி ஓரம் இருக்கிறது. ஒரு கம்பி நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்று சுவர் இடித்ததால் படுக்கையாகச் சாய்த்து வைத்திருக்கிறேன். மேலே நாலு கோடு. போட்டோ ஏறவில்லை, அப்புறம் போடுகிறேன்.

கன்னங்குறிச்சி பெரியவர்:
கேட்டுக்கொள்ளுங்கள் எல்லோரும்! "இப்போது மாடிப்படி ஓரம்." அப்படியென்றால் முன்பு எங்கே இருந்தது?

அம்மாபேட்டை தறி:
ஹாலில் பீரோவுக்குப் பின்னால். ஃபைபர்காரர் வைத்துவிட்டுப் போன இடம். கம்பி பெரிதாக இருந்ததால் அங்கே நிற்கவில்லை, அதனால் தள்ளி வைத்தேன். அதற்கென்ன?

கன்னங்குறிச்சி பெரியவர்:
அதற்கென்னவா? இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, கான்கிரீட் தளமே இல்லாத மாடிப்படி ஓட்டைக்கு நேராக வைத்திருக்கிறீர்கள். ஒரு கம்பியைப் படுக்க வைத்திருக்கிறீர்கள். படுத்த கம்பிக்கு வடை செங்குத்தாக நிற்கும், அலை மேலே போகும். நான் முதலிலேயே எழுதியது "நிமிர்த்தி மாட்டினால்" என்று. பழைய குட்டிக் கம்பியை இதே இடத்தில் மாட்டிப் பாருங்கள், அதே நாலு கோடு வரும். இடம் செய்த வேலைக்குக் கம்பிக்கு மாலை போடுகிறீர்கள்.

அம்மாபேட்டை தறி:
பெரிய கம்பி வாங்காமல் இருந்திருந்தால் ரவுட்டரை நகர்த்தியே இருக்க மாட்டேன். ஆகவே கம்பியால்தான் வந்தது.

குகை பையன்:
லாஜிக் சரியாகத்தான் இருக்கிறது.

கன்னங்குறிச்சி பெரியவர்:
எந்த லாஜிக்? தம்பி, உங்கள் கணக்குப்படி ஆன்டெனா மாற்றுவதே வேஸ்ட் இல்லையா?

குகை பையன்:
வேஸ்ட்தான். ஆனால் அவர் லாஜிக் சரி.

அஸ்தம்பட்டி வக்கீல்:
2005 என்றீர்களே, அதன்பிறகு 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனி அறிவிப்பு வந்ததே. அதில் 9 டிபிஐ குற்றமாக இருக்கலாம்.

கன்னங்குறிச்சி பெரியவர்:
2018இல் வந்தது. அது பட்டையை அகலப்படுத்திய அறிவிப்பு, யாரையும் உள்ளே தள்ள வந்ததில்லை. 5 கிகாவில் வேறு ஒரு தலைவலி இருக்கிறது: சுவர் 2.4ஐவிட அதிகமாகத் தின்னும். மேல்மாடிக்கு இன்னும் கஷ்டம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அதற்கு முன்னால் தறிக்காரர் ஒரு ஸ்கேலை எடுத்து...

அம்மாபேட்டை தறி:
ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. தட்டுவடை செட் வாங்கி வைக்கிறேன். நேரில் நாலு கோட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்க.

கன்னங்குறிச்சி பெரியவர்:
வருகிறேன். பழைய குட்டிக் கம்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் அளவு டேப் இருக்கிறதா?

அம்மாபேட்டை தறி:
டேப்பெல்லாம் கொட்டகையில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
பெரியவரே, பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஓட்டை. நடுவில் ஒரு மெல்லிய வெள்ளிக் கம்பி செருகினால் போதுமா? வெள்ளிக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

இருபதாம் வளைவு:
வெள்ளி பனியில் கறுத்துவிடும்.