குவைத் வெயிலும் விந்தணு கவுண்ட்டும்: லீவை எந்த மாதம் போடுவது?

புதுகை வெல்டர்:

வீட்டில் கேட்க ஆள் இல்லை, அதனால் இங்கே வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன். எனக்கு 33 வயது, ஊர் புதுக்கோட்டைப் பக்கம். குவைத்தில் ரிஃபைனரி காண்ட்ராக்ட் ஒன்றில் பத்து வருடமாக பைப் வெல்டர். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. இதுவரை டெஸ்ட் எல்லாம் மனைவிக்குத்தான். ரத்தம், ஸ்கேன், கருக்குழாய் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எல்லாம் நார்மல். இந்த லீவில்தான் "நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கோங்களேன்" என்றாள். மூன்று வருடம் கழித்து.

செப்டம்பர் 6 ஊர் வந்து இறங்கினேன், 8ஆம் தேதி சாம்பிள் கொடுத்தேன். விந்தணு கவுண்ட் மில்லிக்கு 9 மில்லியன், முன்னோக்கி நீந்துவது 18 சதவீதம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "எங்கே வேலை?" என்றார். குவைத் என்றேன். "அப்ப வெயில்தான்" என்று மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

வெயில் எனக்குப் புதிதில்லை. ஜூலையில் நிழலிலேயே 48, 49 போகும். 2016 ஜூலையில் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானபோதும் நான் அங்கேதான் இருந்தேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதனால் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவோம். ஆனால் எங்கள் வேலையில் வெயில் மட்டும் இல்லை. குரோம் மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) பைப் என்றால் வெல்டு வைப்பதற்கு முன்பே 200 டிகிரி அளவுக்குச் சூடேற்றி வைப்பார்கள். அதைத் தொடைகளுக்கு நடுவில் வைத்த மாதிரி குந்தி உட்கார்ந்துதான் அடி ஜாயிண்ட்டைப் போட முடியும். மேலே உடம்பு முழுக்க மூடுகிற தீப்பிடிக்காத கவரால் உடுப்பு, அதற்கு மேல் தோல் ஏப்ரன். ஷிப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்றினால் வேர்வை ஊற்றும். இத்தனை வருடத்தில் இந்தச் சூடு உள்ளே என்ன செய்யும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கேம்ப்பில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் ஐஸ் வைக்கச் சொன்னார். ஒருவர் வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல் என்றார். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். இது நிரந்தரமா? அடுத்த லீவை எந்த மாதம் போட்டால் நல்லது? ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில்தான் கிடைக்கிறது. குளிர்காலத்தில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கிற) வேலை இருப்பதால் விடமாட்டார்கள். எங்கள் கல்யாணமே ஆவணி முகூர்த்தம்தான்.

காவிரிக்கரை:

சகோ, மனதைப் போட்டு உழப்ப வேண்டாம். என் தாத்தா தஞ்சாவூர் வெயிலில் நாள் முழுக்க வயலில் நின்றவர். எட்டுப் பிள்ளைகள். அவர் எந்த லேப்புக்குப் போனார்? வெயிலால் குழந்தை பிறக்காது என்றால் நம் ஊரில் ஒருத்தரும் பிறந்திருக்க முடியாது. இதெல்லாம் மாத்திரை விற்கச் சொல்லும் கதை.

நெல்லை லேப்:

காவிரிக்கரை சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்கிறேன். 22 வருடமாக மைக்ரோஸ்கோப்பில் இதையே எண்ணிக்கொண்டிருக்கிறவன் நான், டாக்டர் இல்லை.

விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதற்கே காரணம் சூடுதான். விந்தணு உருவாக உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். வெயிலில் பை தளர்ந்து கீழே இறங்கும், குளிரில் சுருங்கி மேலே ஏறும். உள்ளே போகிற சூடான ரத்தக் குழாயைச் சுற்றி, திரும்பி வருகிற குளிர்ந்த ரத்தக் குழாய்கள் கொடி மாதிரி பின்னிக் கிடக்கும். போகிற ரத்தம் அங்கேயே கொஞ்சம் ஆறிவிடும். வெளிக்காற்றே 48 என்றால் இந்த ஏற்பாட்டுக்கு வேர்வை ஆவியாவது ஒன்றுதான் துணை. கவராலும் ஏப்ரனும் அதையும் அடைத்துவிடுகின்றன. போதாததற்குத் தொடை நடுவில் 200 டிகிரி பைப். தாத்தா வெயில் ஏறுமுன் ஏரை அவிழ்த்துவிட்டு மரத்தடிக்குப் போனவர். தம்பி குந்தியிருப்பது அடுப்புக்குப் பக்கத்தில்.

1990இல் அமெரிக்காவின் டெக்சாஸில், சான் அன்டோனியோ ஊரில் வெளியில் வேலை செய்கிறவர்களைக் கோடையிலும் குளிர்காலத்திலும் சோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் கோடையில் விந்தணுச் செறிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. குளிர் நாடுகளிலும் கோடையில் கொஞ்சம் இறங்குகிறது, அதனால் சூடு மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிரான்சில் துலூஸ் நகரத்து டாக்டர்கள் விதையை உடம்போடு ஒட்டி வைக்கிற ஒரு தனி உள்ளாடையைக் கருத்தடைக்காகவே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏறிய சூடு சுமார் 2 டிகிரிதான். தினமும் 15 மணி நேரம், சில மாதம். எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போனது. நிறுத்தியதும் சில மாதங்களில் திரும்பி வந்தது. 'நிரந்தரமா' என்று கேட்டாயே தம்பி, அதற்கு இதுதான் என் பதில்: பெரும்பாலும் இல்லை.

இப்போது முக்கியமான கணக்கு. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். அப்புறம் குழாயில் பக்குவப்பட இன்னும் 10, 12 நாள். ஆக, நீ செப்டம்பர் 8 கொடுத்த சாம்பிள் புதுக்கோட்டையில் உருவானதில்லை. ஜூன் நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசி வரை குவைத்தில், அந்தப் பைப்புக்குப் பக்கத்தில் உருவானது. வருடா வருடம் செப்டம்பரில் வருகிறாய் என்றால் வருடத்திலேயே மோசமான சரக்கைத்தான் சுமந்துகொண்டு விமானம் ஏறுகிறாய். (கத்திரி வெயிலில் ஆரம்பித்த விந்தணு வெளியே வருவது ஆடியில். ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரிப்பதற்குப் பெரியவர்கள் சொன்ன காரணம் சித்திரையில் பிரசவம் வேண்டாம் என்பது. இந்தக் கணக்கை நானாகப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.)

ஒரு கேள்வி. சாம்பிளுக்கு முன் விந்து வெளியேறாமல் எத்தனை நாள் இடைவெளி? எங்கே எடுத்தாய்?

புதுகை வெல்டர்:

அண்ணே, மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும். கேம்ப்பில் ஒரு ரூமில் ஆறு பேர். சாம்பிளை வீட்டில் எடுத்து பைக்கில் கொண்டுபோனேன். கடைசி ரயில்வே கேட் மூடியிருந்தது. லேப்பில் கொடுக்கும்போது ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

நெல்லை லேப்:

அந்த 18 சதவீதத்தை மறந்துவிடு. இடைவெளி 2 நாளுக்குக் குறையவும் கூடாது, 7 நாளுக்கு மேல் போகவும் கூடாது. நாள் கூடினால் அளவு ஏறும், ஆனால் கிழடுதட்டியது சேர்ந்து நீந்தும் திறன் குறையும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடவும் வேண்டும். ஒன்றரை மணி நேரம் தாமதித்ததை வைத்து உன்னை யாரும் எடைபோடக் கூடாது. லேப்பிலேயே தனியறை இருக்கிற இடமாகப் பார்.

கவுண்ட் 9 என்பது குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ் எல்லை மில்லிக்கு 16 மில்லியன், முன்னோக்கி நீந்துவது 30 சதவீதம். இது பாஸ் மார்க் இல்லை. ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிலேயே கடைசி 5 சதவீதம் பேர் இந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்கள்.

இன்னொன்று, மாத்திரை எழுதியவர் நிற்க வைத்துத் தொட்டுப் பார்த்தாரா? வெரிகோசீல் என்று ஒன்று உண்டு. விதைக்கு மேலே ரத்தக் குழாய் சுருண்டு புடைத்திருக்கும், பெரும்பாலும் இடது பக்கம். ஆண்களில் 100க்கு 15 பேருக்கு இருக்கிறது, குழந்தைக்காக வருகிற ஆண்களில் 100க்கு 35, 40 பேருக்கு. அதுவும் உள்ளே சூட்டைத் தேக்குகிற சமாச்சாரம்தான். அதைப் பார்க்காமல் எல்லாப் பழியையும் வெயில் மேல் போடுவது சோம்பேறித்தனம். ஜூலை, ஆகஸ்ட்டில் காய்ச்சல் வந்து படுத்தாயா? பெரிய காய்ச்சலும் இரண்டு மூன்று மாதத்துக்குக் கவுண்ட்டை இறக்கும்.

ஐஸ் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோகும். எண்ணெய்க் குளியல் சுகம்தான், போட்டுக்கொள், வென்னீர்த் தொட்டியில் மட்டும் உட்காராதே. தளர்ந்த பருத்தி உள்ளாடை போடு. 2018இல் ஹார்வர்டில் 656 ஆண்களைப் பார்த்தார்கள், தளர்வாகப் போடுகிறவர்களுக்குச் செறிவு 25 சதவீதம் கூடுதல். கேம்ப்பில் லேப்டாப்பை மடியில் வைத்துப் படம் பார்க்கும் பழக்கம் இருந்தால் விடு. உடம்பு ஏற்ற ஊசி போடுகிறவர்கள் யாராவது கூப்பிட்டால் ஓடிவிடு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும், வெயிலெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

நைட் டியூட்டி நர்ஸ்:

அண்ணா, நடுவில் ஒன்று. எல்லாரும் வெயிலையே பேசுகிறீர்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து இருந்த நாட்களை எண்ணிப் பார்த்தீர்களா? கல்யாணத்துக்கு எத்தனை நாள் லீவு?

புதுகை வெல்டர்:

கல்யாணத்துக்கு 60 நாள். அப்புறம் இரண்டு தடவை 45.

நைட் டியூட்டி நர்ஸ்:

ஆக 150 நாள். மூன்று வருடம் என்று ஊர் சொல்கிறது, உங்கள் கணக்கு வெறும் ஐந்து மாதம்! தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றால்தான் குழந்தையின்மை என்றே பேச ஆரம்பிப்போம். நீங்கள் அங்கே வரவே இல்லை. ஒரு மாதத்தில் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களே ஆறு, முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். 45 நாள் லீவில் அந்த ஆறு நாள் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வரும். அதில் பாதி நாள் விருந்துக்கும் கோயிலுக்கும் போய்விடும்.

உங்கள் மனைவிக்குக் கருக்குழாய் டெஸ்ட் வரைக்கும் எடுத்தாகிவிட்டது, உங்களுக்கு இந்த லீவு வரைக்கும் ஒரு சாம்பிள்கூட எடுக்கவில்லை. எங்கள் வார்டில் தினமும் பார்க்கிறோம் இதை. அந்த டெஸ்ட்டுக்கு எப்படி வலிக்கும் என்று அவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

காவிரிக்கரை:

எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றதற்கு இப்போதுதான் காரணம் புரிகிறது. தாத்தா ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார்.

புதுகை வெல்டர்:

கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் அழுதாள். சரி.

வேறு டாக்டரிடம் போனோம். நிற்க வைத்துப் பார்த்தார், வெரிகோசீல் இல்லை என்றார். நான்கு நாள் இடைவெளியில் லேப்பிலேயே எடுத்த சாம்பிளில் நீந்துவது 31. கவுண்ட் இன்னும் 11தான். ஜூலையில் காய்ச்சல் எதுவும் வரவில்லை. சூப்பர்வைசரிடம் போனில் பேசினேன். செப்டம்பர் லீவை விட்டுக்கொடுக்கிறேன், அதற்குப் பதில் பிப்ரவரி கடைசியில் 45 நாள் விடுங்கள் என்றேன். ஷட்டவுன் இருக்கிறதே என்று இழுத்தார். அதுவரை ஓவர்டைம் முழுக்கப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே டேபிள் வெல்டிங் கிடைத்தால் அதையும் கேட்கப் போகிறேன், கூலி கொஞ்சம் குறையும்.

அண்ணே, கிளம்புவதற்கு முன் அங்கேயே ஒரு டெஸ்ட் எடுக்கட்டுமா?

நெல்லை லேப்:

பிப்ரவரி முதல் வாரம் எடு. அப்போது வருவது நவம்பரில் ஆரம்பித்த விந்தணு. நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெல்டு வைத்த நாட்களின் கணக்கு அதில் தெரியும். இடைவெளி நான்கு நாள், மறக்காதே.