செம்பதிப்பு நல்கைக்கான விண்ணப்பம்: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

வணக்கம். 19ஆம் நூற்றாண்டுக் கடிதத் தொகுதி ஒன்றைச் செம்பதிப்பாகக் கொண்டுவரும் பொருட்டு, அமெரிக்க அரசு 1965இல் நிறுவிய மானுடப் புலங்களுக்கான தேசிய நல்கை நிறுவனத்திடம் அளிப்பதற்காக எங்கள் பல்கலைக்கழகக் குழு விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்து வருகிறது.

செம்பதிப்புக்குரிய பணிகளான கையெழுத்தைப் படியெடுத்தல், மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல், பாடவேறுபாடுகளைக் குறித்தல், ஆட்களுக்கும் நிகழ்வுகளுக்கும் குறிப்பெழுதுதல் ஆகியவற்றுள் காலத்தை அதிகம் விழுங்குவது குறிப்பெழுதுதலே. ஆனால் அந்த உழைப்பு மதிப்பீட்டாளர்களின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஒரு பக்கத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டீர்கள், அதை வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வாறு நியாயப்படுத்தினீர்கள் என்பதை, இத்தகைய நல்கை பெற்றவர்களோ விண்ணப்பங்களை மதிப்பிட்டவர்களோ தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

மாதிரிப் பக்கங்களாகத் தெளிவான கடிதத்தைக் காட்டுவதா, சிதைந்ததைக் காட்டுவதா? பதிப்பாசிரியரின் தீர்ப்புத்திறன் வெளிப்படுவது சிதைந்த கடிதத்தில்தான் என்பது என் கருத்து. குழுவில் சிலர் இதை ஏற்கவில்லை.

இணையப் பதிப்புக்கு, நூல்களின் அமைப்பைக் கணினி படிக்கும் வகையில் குறிப்பதற்கான பொதுத் தரமாகிய டிஇஐ (TEI) குறியீட்டு நெறிகளைப் பின்பற்றுகிறோம். நல்கைக்காலம் முடிந்தபின் அதைப் பராமரிக்கும் பொறுப்பை நூலகத்திடம் ஒப்படைத்தவர்கள், அந்த உடன்பாட்டில் எவற்றையெல்லாம் எழுத்தில் பெற்றீர்கள் என்பதையும் தயவுசெய்து கூறுங்கள்.